இல்லாத விசில்

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், கீழ்வீட்டு மார்த்தா அம்மாள் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். படிக்கட்டின் அடியில் மிலோஷ் கிடந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. கழுத்து திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"மிலோஷ், விளையாடாதேப்பா. எந்திரி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாளாம். அதற்கப்புறம்தான் அலறினாள்.

மிலோஷின் தங்கை இவெத்தா ஏழரை மணிக்கு ஒலொமோட்ஸ் ரயிலிலிருந்து பிர்னோ நிலையத்தில் இறங்கினாள். போனில் போலீஸ்காரர் விஷயத்தைச் சொன்னார். "சரி. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். டிராமில் உட்கார்ந்து நாலு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தாள். பல் பிடுங்கும்முன் ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

முதலில் எல்லோரும் விபத்து என்றார்கள். மறுநாள் காலையில் டாக்டர், இறந்தவனின் இடது மணிக்கட்டில் யாரோ இறுக்கிப் பிடித்த விரல் தடங்கள் இருக்கின்றன என்றார். அதோடு விபத்து போய், போலீஸ் கேப்டன் செலின்கோவா வந்து சேர்ந்தாள்.

ஐம்பது வயதுப் பெண்மணி. வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றி, விருந்தாளிகளுக்கான செருப்பை மாட்டிக்கொண்டு அதே வீட்டின் முதல் மாடியில், இவெத்தா உட்கார்ந்திருந்த அலுவலகத்துக்குள் வந்தாள். மூன்று மேஜை, ஏகப்பட்ட ஒயர், ஜன்னலில் வாடிய ஒரு செடி. அவ்வளவுதான் அந்தக் கம்பெனி.

"நீங்க என்னம்மா விக்கிறீங்க இங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இசைக்கருவி, மேடம். ஒரே ஒரு அலையோட வடிவத்தை எண்களா ஒரு பட்டியல்ல வெச்சிருப்போம். அந்தப் பட்டியலைச் சுத்திச் சுத்திப் படிச்சா சத்தம் வரும். வேகமாப் படிச்சா சுருதி ஏறும். வேவ்டேபிள் ஆசிலேட்டர்னு பேரு. அண்ணனும் அவன் கூட்டாளி போஹ்தானும் அதுக்கு நிரல் எழுதுவாங்க. என் வீட்டுக்காரர் ராடிம் அதுக்கு ஒலி வகைகள் செஞ்சு கொடுப்பார். நான் குறை கண்டுபிடிப்பேன்."

"குறை கண்டுபிடிக்கிறது ஒரு வேலையா?"

"அதுதான் என் சம்பளம்."

கேப்டன் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"வியாழன் மத்தியானம் உங்க அண்ணனும் போஹ்தானும் மாடிப்படியில கத்திக்கிட்டாங்க. 'ஒரு நாள் உன்னை இந்தப் படியிலேயே உருட்டி விட்டுடுவேன்'னு போஹ்தான் சொன்னதை மார்த்தா அம்மா கேட்டிருக்காங்க. என்ன சண்டை?"

"துல்லியமா, வேகமான்னு சண்டை."

"புரியல."

"பட்டியலைத் துல்லியமாப் படிச்சா கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அவசரமாப் படிச்சா சத்தத்துல அசிங்கம் சேரும். துல்லியம் வேணும்னு அண்ணன் சொல்வான். வாசிக்கிறவன் விரலை வெச்ச உடனே சத்தம் வரலைன்னா துல்லியத்தை வெச்சு நாக்கு வழிக்கவான்னு போஹ்தான் கேப்பான். நாலு வருஷமா இதே பாட்டு. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் பீர் குடிப்பாங்க."

"கடைசியில யார் ஜெயிச்சது?"

"ரெண்டு பேரும். நேரடியா வாசிக்கும்போது போஹ்தானோட வழி, அவசரக் கணக்கு. வாசிச்சதைக் கம்ப்யூட்டரே பதிவா மாத்தும்போது அண்ணனோட வழி. அங்க யாரும் காத்திருக்கல, அதனால நின்னு நிதானமா, சுத்தமாக் கணக்குப் போடும். தானாவே மாறிக்கும். போன மாசம்தான் இப்படி வெச்சாங்க."

"அவசரக் கணக்குல என்ன அசிங்கம் வருது?"

"மேல் கட்டைகள்ல மெல்லிசா ஒரு விசில். நோட்டு மேல ஏற ஏற, அந்த விசில் கீழ இறங்கும். சினிமால வண்டி முன்னால ஓடும்போது சக்கரம் மட்டும் பின்னால சுத்துற மாதிரி தெரியும் பாருங்க, அந்த மாதிரி. அதைச் சரிபண்ணுன்னு சொல்லிச் சொல்லி அண்ணன் உயிரை வாங்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல மனுஷி.

ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் மார்த்தா அம்மாளின் கார் நின்றது. அதன்மேல் சாய்ந்து நின்று ராடிம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கேப்டன் ஜன்னலைத் திறந்தவள், திறந்த வேகத்தில் சாத்தினாள்.

"என்ன எழவு சத்தம் அது? காதுல ஊசி விட்ட மாதிரி."

"மரநாய் விரட்டி. மரநாய் கார் ஒயரைக் கடிக்குதுன்னு மார்த்தா அம்மா போன மாசம் இந்தக் கருவியை மாட்டினாங்க. எனக்குத் தலைவலியே அதனாலதான்."

"கண்டுபிடிச்சவனை முதல்ல உள்ள தள்ளணும்" என்றாள் கேப்டன். "சரி, விஷயத்துக்கு வருவோம். தெருக்கதவு எப்பவும் பூட்டியிருக்கும். உடைக்கல. மார்த்தா அம்மாவை விட்டா, சாவி நாலு பேர்கிட்ட. ஒருத்தர் செத்துட்டார். ஆறரை மணிக்குத் திடுதிடுன்னு சத்தம் கேட்டதா மார்த்தா அம்மா சொல்றாங்க. உங்க அண்ணன் பழைய கீபோர்டை உருட்டுறார்னு நினைச்சிருக்காங்க. ஆறரைக்கு நீங்க எங்கே?"

"ரயில்ல."

"டிக்கெட் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர்?"

"வீட்டுல. வியாழக்கிழமை ஆறிலிருந்து ஏழு வரைக்கும் இணைய வானொலியில நேரடியா வாசிப்பார். எங்க கருவியோட புதுப் பிரதியைத்தான் வாசிப்பார்."

"வாசிச்சாரா?"

"ரயில்ல வர்றப்போ கேட்டேன். ஒரு காதுல மாட்டியிருந்தேன். ரயில் இரைச்சல்தான். ஆனா ஏழு வரைக்கும் வாசிச்சார். எப்பவும் கேக்கிறவங்க எழுதிக் கேக்கிறதை வாசிச்சுப் பேசிக்கிட்டே இருப்பார். அன்னிக்கு மட்டும் தொண்டை சரியில்ல, பேசலைன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டார்."

"அப்போ போஹ்தான்?"

"ஏரிக்கரையில நடந்துட்டு இருந்தேன்னு சொல்றான்."

"தனியா?"

"அவன் எப்பவும் தனிதான்."

கேப்டன் பெருமூச்சு விட்டாள். இவெத்தா தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்று பகல் போஹ்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் அவன் இவளைப் பார்த்து, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க, கோபத்துல சொன்னதுக்கா" என்றான். இவளுக்கு அவன் செய்திருப்பான் என்றும் தோன்றவில்லை, செய்திருக்க மாட்டான் என்றும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றாமல்தான் நின்றாள்.

புதன்கிழமை தகனம். மிலோஷுக்குப் பிடிக்காத ஒரு பூவைத்தான் பெட்டிமேல் வைத்திருந்தார்கள். அதைக்கூட மாற்றச் சொல்லவில்லை அவள். ராடிம் பக்கத்திலேயே நின்றான். வீட்டில் பூண்டு சூப் வைத்தான், துணி துவைத்தான், ஊர்க்காரர்களுக்கெல்லாம் அவனே போன் செய்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று மார்த்தா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை இவெத்தா அலுவலகத்துக்குப் போனாள். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை என்றால் அவள் அங்கேதான் இருப்பாள், அதனால் போனாள்.

ஒவ்வொரு திங்களும் அவளுக்கு ஒரே வேலை. வியாழன் அன்று ராடிம் வாசித்ததை வானொலிக்காரர்கள் அப்படியே சேமித்து வைப்பார்கள். அதை நல்ல ஹெட்போனில் முழுக்கக் கேட்டு, எங்கே கரகரத்தது, எங்கே விசில் வந்தது என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவன், "வந்துட்டாடா மாமியார்!" என்பான். அண்ணன் செத்த வியாழனின் பதிவு, போன திங்கள் கேட்காமல் விட்டது, இருந்தது. ஹெட்போனை மாட்டினாள். யாரிடம் சொல்வது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

ராடிமின் குரல் வணக்கம் சொன்னது. தொண்டை வலி என்றது. இசை ஆரம்பித்தது. அவனுக்குப் பிடித்த மாதிரி, அடியிலிருந்து மெதுவாக மேல் கட்டைக்கு ஏறியது.

விசில் வரவேண்டிய இடம் வந்தது. விசில் வரவில்லை.

நிறுத்தினாள். திரும்ப ஓட்டினாள். இல்லை. அடுத்த ஏற்றம், அதற்கடுத்தது, எங்குமே இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி சத்தம்.

சரி பண்ணிட்டான்!

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணன் சாவதற்கு முன்னால் சத்தம் காட்டாமல் சரி செய்து வைத்திருக்கிறான். தங்கச்சி திங்கட்கிழமை கேட்டு வாயைப் பிளக்கட்டும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான், திருட்டுப்பயல். பத்து நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டு, "அடப்பாவி அண்ணா" என்றாள்.

எப்படிச் செய்தான் என்று பார்க்க வேண்டுமே. அந்த வாரம் ராடிமுக்குக் கொடுத்த அதே பிரதியைத் திறந்தாள். கீபோர்டில் கை வைத்து மேலே ஏறினாள்.

விசில் கேட்டது.

நோட்டு ஏற ஏற, அந்த மெல்லிய சனியன் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. மறுபடி வாசித்தாள். மறுபடி வந்தது. மிலோஷ் எதையும் சரி செய்யவில்லை. கடைசியாக அவன் நிரலைத் தொட்டது அதற்கு முந்தின வாரம்.

சிரிப்பு போன இடத்தில் ஒன்றும் வரவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. இப்போது வாசித்ததையே பதிவாக மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். அது நிதானமாகக் கணக்குப் போட்டு ஒரு கோப்பைக் கொடுத்தது. கேட்டாள்.

சுத்தம். துடைத்து வைத்த மாதிரி.

அப்புறம் கேப்டன் செலின்கோவாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் கொடுத்த சாட்சி தப்பு."

"எந்த இடத்துல?"

"என் வீட்டுக்காரர் வாசிச்சதைக் கேட்டேன்னு சொன்னேன்ல. அவர் வாசிக்கல. முன்னாடியே செஞ்சு வெச்ச பதிவு ஓடியிருக்கு."

மறுமுனையில் மிட்டாய் கடிபடும் சத்தம் கேட்டது.

"அம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும். போஹ்தான் உள்ள இருக்கான்."

"காதால கேட்டதை மட்டும் வெச்சு நான் என்ன பண்றது? அவர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்வாரே."

"சொல்வார். ஒரு தடவை இங்க வாங்க, அவரையும் வரச் சொல்றேன். இவ்வளவு சுத்தமா இருந்தா மாட்டிப்போம்னு அவருக்கு ஏன் தெரியலை? அது மட்டும்தான் எனக்கு விளங்கல. அது நான் நினைக்கிறதுதானான்னு பார்க்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ராடிம் வாசலில் ஷூவைக் கழற்றி, தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். கையில் கசகசா பன் இருந்தது. கேப்டனைக் கண்டதும் ஒரு நொடி தயங்கி, அப்புறம் சிரித்தான்.

"என்ன இவெத்தா, திடீர்னு கூப்பிட்டே? சாப்பிட்டியா நீ?"

"உக்காரு. அண்ணன் கடைசியா ஒரு வேலை பண்ணிட்டுப் போயிருக்கான். அந்த விசிலை எடுத்துட்டான். உன் காதுலயும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம்னு. மேடமும் கேக்கட்டும்."

ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டாள். கீபோர்டில் கை வைத்தாள். நோட்டு மேலே ஏறியது. பாதி வழியில் கேப்டன் முகத்தைச் சுளித்தாள். இன்னும் ஏறியதும் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

ராடிம் கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அட, சுத்தமாப் போயிடுச்சே! உங்க அண்ணன் கில்லாடிதான். எவ்வளவு இதமா இருக்கு பாரு."

இவெத்தா கையை எடுத்தாள்.

"ஐயா, எனக்கே பல்லு கூசுது" என்றாள் கேப்டன்.

ராடிம் ஒருத்தியைப் பார்த்து, இன்னொருத்தியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணன் எதையும் எடுக்கல, ராடிம்" என்றாள் இவெத்தா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குறை சொல்கிற திங்கட்கிழமைக் குரல். "விசில் அப்படியேதான் இருக்கு. உனக்குத்தான் கேக்கல. மரநாய் விரட்டி அலறும்போதும் அந்தக் காரிலேயே சாய்ஞ்சு நிக்கிறே. நானோ ஜன்னலைத் திறக்க முடியாமத் தவிக்கிறேன். பதினஞ்சு வருஷம் டிரம்ஸ் அடிச்சதுல மேல் சுருதி கேக்கிற காது போயிடுச்சு. எப்போலேர்ந்து?"

"என்ன உளர்றே? ஜலதோஷம், காது அடைச்சிருக்கு."

"வியாழக்கிழமை தொண்டை. இப்போ காது."

"எனக்கு ஒண்ணும் புரியல."

"நீ நேரடியா வாசிச்சா விசில் வரணும். ஒவ்வொரு வியாழனும் வந்துச்சு. அண்ணன் செத்த வியாழன் மட்டும் வரல. அது வராம இருக்க ஒரே வழி, முன்னாடியே வாசிச்சு, கம்ப்யூட்டர் பதிவா மாத்தின கோப்பை ஓட விடுறது. அப்படி ஓட விட்டா நீ வீட்டுல இருக்கணும்னே இல்ல. டிராம்ல ஏறி இங்க வந்துட்டு, ஏழு மணிக்குள்ள திரும்பிடலாம். வேற யாராவதா இருந்தா ரெண்டுக்கும் வித்தியாசத்தைக் காதால கண்டுபிடிச்சிருப்பாங்க. உனக்கு ரெண்டும் ஒண்ணு."

"துல்லியமான வழியை நானே போட்டு வாசிச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கே காது குத்துறியா? அதுக்கு சுவிட்சே கிடையாது. அது தானா மாறும். அண்ணன் வேணும்னே அப்படி வெச்சான். சுவிட்ச் இருந்தாலும், உன் பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினா சத்தம் பட்டாசா வெடிக்கும்."

ராடிம் பன்னை மேஜைமேல் வைத்தான். கேப்டன் மிட்டாயைத் துப்பிக் காகிதத்தில் சுற்றினாள்.

"மணிக்கட்டுல இருக்கிற விரல் தடத்தை உங்க கையோட பொருத்திப் பார்க்கச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை டிராம் கேமராவையும் எடுத்தாச்சு. நீங்க வானொலியில இருந்தீங்கன்னு நம்பி, அதை இதுவரைக்கும் யாரும் பார்க்கல. இன்னிக்குப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி நீங்களே சொன்னா உங்களுக்கு நல்லது."

ராடிம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் செஞ்ச ஒலிகள்ல கீச்சுக் கீச்சுன்னு சத்தம் இருக்குன்னு அவன் கண்டுபிடிச்சுட்டான்" என்றான் கடைசியில். "எனக்குக் கேக்கலைன்னும் கண்டுபிடிச்சுட்டான். 'இவெத்தா இன்னிக்கு ராத்திரி வரட்டும், நானே சொல்றேன், இனிமே நீ ஒலி செய்ய வேண்டாம்'னான். சொல்லாதேன்னு கெஞ்சத்தான் போனேன். சத்தியமா, கெஞ்சத்தான். நிலவறைக் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தான். கையைப் பிடிச்சேன். 'செவிட்டுக் காதை வெச்சுக்கிட்டு இசைக்காரன்னு எத்தனை நாள் ஊரை ஏமாத்துவே'ன்னு சிரிச்சான். அதுக்கப்புறம் தள்ளினேனா, அவன் உதறினானான்னு எனக்கே தெரியல."

"பதிவு?"

"நீ ரயில்ல கேப்பேன்னு தெரியும். வாசிக்கலைன்னா எங்கேன்னு கேப்பே. போலீஸை ஏமாத்தப் போடல இவெத்தா. உன்னை ஏமாத்தத்தான் போட்டேன்."

"போஹ்தானைப் பிடிச்சுட்டுப் போனாங்களே?"

"நான் வாயே திறக்கலையே. நீதானே சாட்சி சொன்னே."

அது உண்மை. அவள் தலையாட்டினாள்.

கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் ராடிம் நின்று திரும்பினான். "சும்மா இருந்திருக்கலாம் நீ. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

கேப்டன் இவெத்தாவின் தோளில் கை வைத்தாள். அந்தக் கை தன் தோளில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் போஹ்தானை விட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகத்துக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. தன் மேஜையில் உட்காராமல், கதவோரமாக நின்றான்.

"போஹ்தான், என் சாட்சியாலதான் உன்னை…"

"விடுங்கக்கா. நீங்க கேட்டதைத்தானே சொன்னீங்க. அப்புறம் கேட்டதையும் நீங்கதான் சொன்னீங்க." பையைக் கீழே வைத்தான். "தகனம் முடிஞ்சுதா?"

"போன புதன்."

"நான் வரலையே அக்கா." அவன் உதடு கோணியது. பெரிய ஆள், குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினான். "நாலு வருஷமா தினம் சண்டை போட்டேன் அவர்கூட. கடைசியா ஒரு தடவை பக்கத்துல வந்து நிக்க முடியலையே. அன்னிக்கு யார் இருந்தாங்க உங்ககூட?"

இவெத்தா சொல்ல வாயெடுத்தாள். பெட்டி உள்ளே நகர்ந்தபோது தன் வலது கையை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கடைசிவரை விடாமல், இறுக்கி, இதமாகப் பிடித்திருந்தான். தான் கையை உருவிக்கொள்ளவும் இல்லை.

அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அவளுடையது மாதிரியே இல்லை. பன்னிரண்டு நாள் வராத அழுகை மொத்தமாக வந்தது. போஹ்தான் ஓடிவந்து உட்கார வைத்தான். அவள் வலது கையைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்து அழுதுகொண்டே இருந்தாள்.